சேண அறையில் ஒரு சட்டப் புத்தகம்

திருகோணமலை மாவட்டத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், பாடசாலை நாடகங்களைப் பழக்குபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் வைத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுப்பவள். பெரும்பாலும் லண்டன் ஓ.எல். என்கிற ஆங்கில மொழிமூலச் சாதாரண தரப் பரீட்சை எடுக்கும் பிள்ளைகள்தான் வருவார்கள். உங்களில் பலரை எனக்குத் தெரியும். வழியில் கண்டால் நின்று கதைக்கிறவர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். தனித்தனியாகச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இது ஒருவர் விட்ட பிழை இல்லை. நான் உட்பட எல்லோரும் பல வருடமாக ஒரே மாதிரிச் செய்து வருவது. அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் நகரத்தில் ஒரு பாடசாலை நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். ஜோன் ஸ்டைன்பெக் 1937இல் எழுதிய 'ஒஃப் மைஸ் அன்ட் மென்' நாவலின் நான்காம் அத்தியாயத்தைப் பிள்ளைகள் நடித்தார்கள். கலிபோர்னியாவில் ஒரு பண்ணை. சனிக்கிழமை இரவு. வேலையாட்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். தொழுவத்தோடு ஒட்டிய, குதிரைச் சாமான்கள் வைக்கும் சேண அறையில், குரூக்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி தனியே இருந்து, குதிரை உதைத்து வளைந்துபோன தன் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காட்சி.

திரை விலகியது. குரூக்ஸாக நடித்த பையனின் முகத்திலும் கைகளிலும் கறுப்பு மை அப்பியிருந்தார்கள். உதட்டைச் சுற்றிச் சிவப்பு. முதுகில் துணிமூட்டை. அவன் கூனிக்கொண்டு இரண்டு அடி வைத்ததும் மண்டபம் சிரித்தது. பிறகு அவன் வாய் திறந்த ஒவ்வொரு தடவையும் சிரித்தது. தன்மேல் நாற்றம் அடிக்கிறதாம், அதனால்தான் சீட்டு விளையாடக்கூட உள்ளே விடுவதில்லை என்று குரூக்ஸ் சொல்லும் இடத்தில், எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் மூக்கைப் பொத்திக் காட்டினார். பெரியவர். பிள்ளை இல்லை.

அந்தப் பையன் என்னிடம் படிக்கிறவன். அவனைப் பற்றி எழுதும்போது 'வகுப்பிலேயே நிறம் குறைந்தவன்' என்று என் கை தானாக எழுதியது. அடித்துவிட்டேன். கறுப்பு நிறம். அதில் என்ன குறைவு? சுருட்டை முடி. நல்ல குரல். அடுத்த நாள் வந்தபோது, ஏனப்பன் மை பூசினது என்று கேட்டேன். "உனக்கு மேக்கப் தேவையில்லைதானே எண்டு முதல்ல சொன்னவை டீச்சர். பிறகு, லைட்டுக்குத் தெரியாது எண்டு பூசிவிட்டவை" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு கிழமை வகுப்புக்கு வரவில்லை.

அந்த ஒரு கிழமையில் நான் அந்த அத்தியாயத்தை மறுபடி மறுபடி வாசித்தேன். என்னுடைய பழைய பாடக்குறிப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். 'குரூக்ஸ்: தனிமை, இனப்பாகுபாடு' என்று தலைப்புப் போட்டு, மூன்று மேற்கோள், ஒரு மாதிரி விடை. உங்களிடமும் ஏறக்குறைய இதே குறிப்புத்தான் இருக்கும். ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிப் போட்டோப்பிரதி எடுத்ததுதானே. பிள்ளைகள் அதை மனனம் செய்து நல்ல புள்ளி எடுக்கிறார்கள். சரி, பரீட்சைக்கு அது வேண்டும். ஆனால் அந்தக் குறிப்பில் மனிதர் இல்லை.

அப்புறம் இன்னொன்றையும் கவனித்தேன். கொரோனா காலத்தில் நான் சூமில் நடத்திய வகுப்புகளின் ஒலிப்பதிவு இருந்தது. போட்டுக் கேட்டேன். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே பிரதிப்பெயர்தான். தமிழில் விளங்கப்படுத்தும்போது எங்கள் வாய் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பண்ணை முதலாளி 'அவர்'. கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டி ஓட்டும் ஸ்லிம் 'அவர்'. கை இழந்த கிழவர் கென்டி 'அவர்'. குரூக்ஸ் மட்டும் 'அவன்'. ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு தடவைகூட நான் அவரை 'அவர்' என்று சொல்லவில்லை. பாகுபாடு கூடாது என்று படிப்பிக்கிற பாடத்தில் என் வாயிலிருந்து வந்தது இது. யாரும் சொல்லித்தந்து வந்ததில்லை; வீட்டில், கடையில், கோயில் வீதியில் கேட்டுக் கேட்டு வந்தது. உங்கள் வகுப்பிலும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

பெயரும் அப்படித்தான். குரூக்ஸ் என்பது அவருடைய பெயர் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது வளைந்த முதுகுக்கு மற்றவர்கள் வைத்த பட்டம். எங்கள் ஊரில் கூனன், நொண்டி, செவிடன் என்று கூப்பிடுகிற மாதிரி. தாய் தகப்பன் வைத்த பெயரை நாவல் சொல்வதே இல்லை. பண்ணையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை.

இப்போது அந்த அறைக்கு வருகிறேன். நாம் வகுப்பில் வேகமாகத் தாண்டிப் போகிற பக்கம் அது. ஸ்டைன்பெக் மிக ஆறுதலாக ஒவ்வொரு பொருளாகக் காட்டுகிறார். வைக்கோல் நிரப்பிய பெட்டிதான் கட்டில். குதிரைக்கும் மனிதருக்கும் மருந்துப் போத்தல்கள். இறப்பர் சப்பாத்து, அலாரம் மணிக்கூடு, ஒரு துப்பாக்கி. மற்றத் தொழிலாளிகள் வருவார்கள், போவார்கள். ஒரு மூட்டையோடு முடிந்தது. குரூக்ஸ் நிரந்தரமாக இருப்பவர், அதனால் தூக்கிக்கொண்டு போக முடியாத அளவு சாமான் சேர்ந்திருக்கிறது. புத்தகங்களும் இருக்கின்றன. கிழிந்த அகராதி ஒன்று. தங்க விளிம்பு மூக்குக் கண்ணாடி ஒன்று ஆணியில் தொங்குகிறது. அடுத்து, அடித்துத் துவைத்ததுபோல் பழசாகிப்போன ஒரு புத்தகம்: கலிபோர்னியா சிவில் சட்டக்கோவை, 1905.

இந்த ஒரு வரிக்கு நான் பன்னிரண்டு வருடமாக 'அவர் படித்தவர் என்பதைக் காட்டுகிறது' என்றுதான் குறிப்புக் கொடுத்தேன். அந்தப் பையன் வராத கிழமையில்தான் அந்தச் சட்டக்கோவையில் என்ன இருந்தது என்று தேடினேன்.

அதில் 51ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 1897இல் கொண்டுவந்த சட்டம் ஒன்று 1905இல் சிவில் கோவைக்குள் சேர்க்கப்பட்டது. தங்குமிடம், சாப்பாட்டுக் கடை, சலூன் போன்ற பொது இடங்களில் குடிமக்கள் எல்லோருக்கும் சமமான இடம் உண்டு என்று அது சொல்கிறது. அதே கோவையில் 60ஆம் பிரிவு. வெள்ளையர் கறுப்பரை மணந்தால் அந்தத் திருமணம் செல்லாது என்று அது சொல்கிறது. மங்கோலியர் என்று சொல்லி ஆசியர்களையும் அதே 1905இல்தான் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரே அட்டைக்குள் இரண்டும். ஒரு பக்கத்தில் நீ சமம், இன்னொரு பக்கத்தில் நீ தீட்டு. இந்த மனிதர் வேலை முடிந்த இரவுகளில், மங்கலான ஒரு பல்பின் கீழே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதைத்தான் வாசித்துக்கொண்டிருந்திருப்பார். வெளியே சாப்பாட்டுக் கடைக்குப் போக வேண்டாம், அதே பண்ணையில் இருக்கிற தொழிலாளர் குடிலுக்குள்ளேயே அவரால் போக முடியாது.

தான் தெற்கிலிருந்து வந்த கறுப்பன் இல்லை, இங்கே கலிபோர்னியாவிலேயே பிறந்தவன் என்று, அந்த இரவில் அறைக்கு வரும் லெனி என்ற தொழிலாளியிடம் குரூக்ஸ் சொல்கிறார். கேட்டது ஒரு சட்டத்தரணி இல்லை, நீதவான் இல்லை. புத்தி வளராத லெனி. அந்தக் கூற்றைச் சொல்ல அவருக்குக் கிடைத்த ஒரே காது அது.

அந்த 60ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று கலிபோர்னிய உயர்நீதிமன்றம் 1948இல்தான் தீர்ப்புச் சொன்னது. 1948 என்ற எண்ணைப் பார்த்ததும் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அதே 1948இல்தான் இலங்கையில் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கே ஒரு கதவு திறந்த வருடம் இங்கே என் தாத்தாவுக்கு ஒரு கதவு அடைபட்டது.

இதை நான் இதுவரை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. என் பக்கத்து வீட்டுக்காரர்களிலும் பலருக்குத் தெரியாது. நான் மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். தாத்தாவும் அந்த லயத்தில் பிறந்தவர்தான். 1948 சட்டத்தோடு அவர் எந்த நாட்டுக்கும் ஆளில்லாமல் போனார். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து வைத்து, எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். எங்கள் குடும்பத்திலும் அந்தப் பிரிப்பு நடந்தது. பெரியப்பா அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலைப் பக்கம் வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எனக்கு அப்போது ஆறு வயது. தமிழ் ஆட்கள் இருக்கிற ஊருக்குப் போகிறோம், இனிப் பயமில்லை என்று அம்மா லொறியில் சொல்லிக்கொண்டே வந்தது ஞாபகம் இருக்கிறது.

அப்பாவுக்குப் பட்டணத்தில் ஒரு கடையில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. கடைக்குப் பின்னால் கிட்டங்கி. இரவுக் காவலும் அவர்தான், அதனால் படுக்கையும் அங்கேதான். அரிசி மூட்டைக்கும் கருவாட்டுச் சிப்பத்துக்கும் இடையில் பாய் விரிக்கிற அளவு இடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களிடம் வருவார். மற்ற வேலையாட்கள் முன்பக்கம் மேல்மாடியில் ஒன்றாகப் படுப்பார்கள், சீட்டு விளையாடுவார்கள், இரண்டாம் ஆட்டத்துக்குப் படம் பார்க்கப் போவார்கள். அப்பாவைக் கூப்பிடுவதில்லை. அவர்கள் சிங்களவர்கள் இல்லை. எங்கள் மொழி பேசுகிறவர்கள், எங்கள் சாமியைக் கும்பிடுகிறவர்கள். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. கடையில் அது 'தோட்டக்காட்டான்'.

ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். வெயிலில் நடந்த தாகம். மேசையில் கிடந்த கிளாசை எடுத்துப் பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டேன். ஒருவர் ஓடிவந்து கிளாசைப் பறித்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை. பின்சுவரில் ஒரு ஆணி, அதில் ஒரு தகரப் பேணி. அதை எடுத்து, தண்ணீர் வார்த்து, எனக்குக் குடிக்கத் தந்தார். சாதி சொல்லி ஒதுக்குவதைத் தடுக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இந்த நாட்டில் 1957இலேயே வந்துவிட்டது. அந்தப் பேணி அதற்குப் பிறகும் இருபது வருடமாக ஏதோ ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அப்பாவிடம் சட்டக்கோவை இல்லை. ஒரு ரங்குப் பெட்டி இருந்தது. அதற்குள் பொலித்தீன் உறையில் சுற்றி, பிரஜாவுரிமைக் கடதாசிகள். விண்ணப்பத்தின் பிரதி, தோட்டத்துப் பதிவுத் துண்டு, தாத்தாவின் பிறப்பைப் பற்றி யாரோ எழுதிக் கொடுத்த கடிதம், 'பதிவுப் பிரஜை' என்ற அத்தாட்சி. மாதத்தில் ஒருமுறையாவது அதை எடுத்து விரித்து வாசிப்பார். பூச்சி பிடித்துவிட்டதா என்று பார்ப்பதாகச் சொல்வார். நான் அந்த நாவலை முதல்முறை வாசித்தது இருபத்தைந்து வயதில். அந்தச் சட்டப் புத்தகத்தைப் பற்றிய வரி வந்தபோது எனக்கு ஏன் அப்பாவின் ரங்குப் பெட்டி கண்முன் வரவில்லை என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். வந்திருக்க வேண்டும். வராமல் பார்த்துக்கொண்டேன் போலிருக்கிறது.

ஏனென்றால் அதற்குள் நான் 'என்னான்னு' என்று சொல்வதை விட்டு 'என்னெண்டு' என்று சொல்லப் பழகியிருந்தேன். ஒரே வருடத்தில் பழகிவிட்டேன். தோட்டத்துத் தமிழ் வாயில் வந்தால் வகுப்பு சிரிக்கும். அப்புறம் நான் செய்த இன்னொரு காரியமும் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்த மடலில் ஒரு பாதி பொய்யாகிவிடும்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கறுப்பு, இறுகிய சுருட்டை முடி. எல்லோரும் அவனைக் 'காப்பிலி' என்பார்கள். இந்தச் சொல் உங்களுக்குத் தெரியும். தமிழ் அகராதியில் 'காப்பிரி' என்று இருக்கும். அரபுச் சொல் ஒன்று போர்த்துக்கீசர் வாய் வழியாக இங்கே வந்தது. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவந்த மனிதர்களுக்கு வைத்த பெயர். அவர்களுடைய வம்சத்தார் இன்றைக்கும் புத்தளம் சிரம்பியடியில் மஞ்ஞா பாட்டுப் பாடிக்கொண்டு இருக்கிறார்கள். திருகோணமலையிலும் இருந்திருக்கிறார்கள். நாம் அந்த மக்களை மறந்துவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம், பிள்ளைகளை ஏசுவதற்கு.

நான்தான் அந்தப் பையனை எல்லோரையும்விடச் சத்தமாக அப்படிக் கூப்பிட்டேன். அவனைக் கூப்பிடும் நேரத்தில் என்னை யாரும் தோட்டக்காட்டாள் என்று கூப்பிடவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

குரூக்ஸ் லெனியிடம் செய்வதும் இதுதான். இந்த இடத்தை நாம் பிள்ளைகளிடம் மறைத்தே படிப்பிக்கிறோம். குரூக்ஸை நல்லவராகக் காட்ட வேண்டும் என்று. அவர் லெனியை வதைக்கிறார். உன் கூட்டாளி ஜோர்ஜ் திரும்பி வராவிட்டால் என்ன செய்வாய், அடிபட்டுக் கிடந்தால் என்ன செய்வாய், உன்னைப் பைத்தியங்களை அடைக்கும் இடத்துக்குத்தான் கொண்டுபோவார்கள் என்று குத்திக் குத்திச் சொல்கிறார். லெனியின் முகத்தில் பயம் ஏற ஏற, அவருடைய முகத்தில் ஒரு வெற்றி தெரிகிறது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் தனக்குச் செய்ததைச் செய்து பார்க்க அவருக்குக் கிடைத்த ஒரே ஆள் லெனி. பிறகு லெனி கோபத்தோடு எழும்பி வரும்போது நிறுத்துகிறார், அப்போதுதான் தன் கதையைச் சொல்கிறார். பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் எதையாவது பார்த்தால், அது உண்மைதானா என்று கேட்கக்கூட ஆளில்லாத கதை. தனிமை என்று நாம் ஒரு சொல்லில் எழுதிக் கொடுக்கிறோமே, அது இதுதான். தன் கண்ணையே நம்ப முடியாமல் போவது. பண்ணையை அடுத்த ஊரின் பெயர் சோலெடாட். ஸ்பானிய மொழியில் அதற்குத் தனிமை என்றே அர்த்தம். உண்மையில் கலிபோர்னியாவில் இருக்கிற ஊர்தான்.

அந்த அறைக்குள் யாரும் வருவதில்லை. ஸ்லிம்மும் முதலாளியும் மட்டும் வந்திருக்கிறார்கள். கிழவர் கென்டி எத்தனையோ வருடமாக அதே பண்ணையில் இருக்கிறார், அந்த இரவில்தான் முதல்முறையாக உள்ளே கால் வைக்கிறார். ஆட்கள் வந்ததும் குரூக்ஸ் கோபக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறார், சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. ஜோர்ஜும் லெனியும் கென்டியும் சேர்ந்து வாங்கப் போகிற காணியைப் பற்றிக் கேட்டு, தானும் வந்து சோற்றுக்கு வேலை செய்யட்டுமா என்று கேட்கும் அளவுக்கு இளகிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் முதலாளி மகன் கேர்லியின் மனைவி வருகிறாள். உன்னை ஒரு மரத்தில் தொங்கவிட வைக்க என்னால் முடியும் என்கிற மாதிரிச் சொல்கிறாள். அவளுக்கும் நாவலில் பெயர் இல்லை. அவளும் தனிமையில் வாடுகிறவள்தான். ஆனாலும் அந்த ஒரு மிரட்டல் அவள் கையில் இருந்தது, பாவித்தாள்.

இதை மேடையில் ஒரு சண்டைக் காட்சி மாதிரிச் செய்தார்கள். அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். 1882க்கும் 1968க்கும் இடையில் அமெரிக்காவில் கும்பல்கள் கொன்றவர்கள் 4,743 பேர் என்று டஸ்கிகி என்ற கறுப்பினக் கல்வி நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. அதில் 3,446 பேர் கறுப்பர்கள். குரூக்ஸுக்கு அந்த மரம் எது என்றுகூடத் தெரிந்திருக்கும். அதனால்தான் அவர் சுருங்கிப்போகிறார். குரலில் ஒன்றும் இல்லை, முகத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கென்டியைக் கூப்பிட்டு, காணிக்கு வருவதாகச் சொன்னதை மறந்துவிடு, பகிடிக்குச் சொன்னேன் என்கிறார். பிறகு சட்டையைத் தூக்கிவிட்டு மறுபடி முதுகுக்குத் தைலம் தேய்க்கிறார். அத்தியாயம் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது.

நாவலின் முற்பகுதியில் கென்டி ஒரு கதை சொல்வார். ஒரு கிறிஸ்மஸ் இரவில் குரூக்ஸைக் குடிலுக்குள் வரவிட்டார்களாம். குடித்துவிட்டு ஒருவன் அவரோடு சண்டைக்குப் போனானாம். குரூக்ஸுக்கு முதுகு சரியில்லை என்பதால் மற்றவன் கால் பாவிக்கக்கூடாது என்று மற்றவர்கள் நியாயம் வைத்தார்களாம். நல்ல பொழுதுபோக்கு என்ற மாதிரிச் சொல்வார். வருடத்தில் ஒருநாள் உள்ளே கூப்பிட்டது அதற்குத்தான். நான் அந்த மண்டபத்தில் இருந்தபோது இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. நாமும் அன்றைக்கு ஒரு பிள்ளையை வெளிச்சத்துக்குக் கூப்பிட்டுத்தான் சிரித்தோம்.

திருகோணமலையில் இனம் என்று சொன்னால் நாம் மூன்றை எண்ணுவோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர். மூன்று பேருக்கும் எத்தனை வீதம், எந்த வீதி யாருடையது, எந்தக் காணி யாருடையது என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்கு நடந்த அநியாயங்களையும் நாங்கள் மறந்ததில்லை, மறக்கவும் முடியாது. ஆனால் அந்த எண்ணிக்கையில் வராதவர்கள் இருக்கிறார்கள். மூதூர், வெருகல் பக்கத்துக் கரையோர வேடர்கள் தமிழ்தான் பேசுகிறார்கள். அவர்களுடைய பிள்ளை வகுப்புக்கு வந்தால் நாம் எந்த வாங்கில் இருத்துகிறோம்? என் அப்பாவைப்போல் மலையிலிருந்து வந்தவர்கள். நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர்களுடைய பிள்ளைகள். ஒடுக்கப்பட்டவர்கள் என்று மேடையில் பேசுகிற எங்களுக்குப் பின்னாலும் ஒரு சேண அறை இருக்கிறது. நாவல் இதைத்தான் காட்டுகிறது. முதலாளி குடும்பத்தை விட்டால் அந்தப் பண்ணையில் யாரும் பணக்காரர் இல்லை, எல்லோரும் கூலிக்காரர்கள், நாளை வேலை போனால் நடுத்தெருவில் நிற்கப் போகிறவர்கள். அவர்கள்தான் குரூக்ஸை உள்ளே விடவில்லை.

இனி, நான் உங்களிடம் கேட்பதைச் சொல்கிறேன்.

மையை விட்டுவிடுங்கள். எந்த நிறத்துப் பிள்ளையும் குரூக்ஸாக நடிக்கலாம். குரல் நன்றாக இருந்தால், அந்த மௌனத்தைத் தாங்கத் தெரிந்தால் போதும். வகுப்பில் யார் கறுப்பு என்று பார்த்து அவனிடம் அந்தப் பாகத்தைக் கொடுப்பது நடிகர் தெரிவு இல்லை. அந்தப் பிள்ளையின் நெற்றியில் எல்லோர் முன்னாலும் எழுதி ஒட்டுவது அது.

அந்தச் சொல்லைப் பற்றி. நாவலில் கறுப்பரை இழிவாகச் சொல்லும் ஆங்கிலச் சொல் பல தடவை வருகிறது. வகுப்பில் நாம் அதை வாய்விட்டு வாசிக்கிறோம். பிள்ளைகள் இடைவேளையில் அதையே ஒருவருக்கொருவர் சொல்லி விளையாடுகிறார்கள். வேல்ஸில் எங்கள் ஓ.எல். மாதிரியான ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையின் புதிய பாடத்திட்டத்திலிருந்து இந்த நாவலை எடுத்துவிட்டார்கள். அந்தச் சொல்லை வகுப்பில் வாசிக்கும்போது கறுப்பினப் பிள்ளைகள் பட்ட வேதனைதான் காரணம். நாவலையே எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எடுத்தால் அந்தச் சேண அறையும் போய்விடும். ஆனால் வாசிக்கும்போது அந்தச் சொல்லை விட்டு வாசிக்கலாம். ஏன் விடுகிறோம் என்று முதலிலேயே சொல்லலாம். அன்றைக்கே 'காப்பிலி'யையும் 'தோட்டக்காட்டா'னையும் பற்றிப் பேசலாம். ஆங்கிலத்தில் அது கெட்ட சொல் என்று சொல்லிவிட்டுத் தமிழில் இருப்பதைப் பேசாமல் விட்டால், பிள்ளைகள் பாடத்தை அமெரிக்காவிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

'அவன்' என்பதை 'அவர்' ஆக்குங்கள். சின்ன விஷயம். எனக்கு அதைப் பழகவே மூன்று வகுப்பு எடுத்தது, இன்னமும் தடுக்குகிறது.

அப்புறம், குரூக்ஸைப் பாவப்பட்டவராக மட்டும் காட்டாதீர்கள். லாட வளையம் எறியும் விளையாட்டில் அந்தப் பண்ணையில் அவரை வெல்ல ஆளில்லை. தன்னுடைய அறைக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று லெனியிடம் அடித்துச் சொல்கிறார். அவருடைய தகப்பனுக்கு ஒரு கோழிப் பண்ணை இருந்தது, அயலிலிருந்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் விளையாட வருவார்கள், அவர்களில் சிலர் நல்லவர்கள். தகப்பனுக்கு அது பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று தனக்குப் பிறகுதான் விளங்கியது என்கிறார். இந்த இடத்தில் நான் ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்டுவிட்டு அரை மணித்தியாலம் காத்திருக்கத் தயார். உங்கள் வீட்டில் யாரோடு விளையாடக்கூடாது என்று சொன்னார்கள்? ஏன் என்று கேட்டீர்களா? அந்த நேரத்துக்கு மாதிரி விடை தேவையில்லை.

பரீட்சை நேரம், பாடத்திட்டம் முடிக்க வேண்டும், பெற்றோர் கேட்பார்கள் என்று சொல்வீர்கள். எனக்கும் அதே பெற்றோர்தான். ஒரு அத்தியாயத்துக்கு இரண்டு வகுப்பு கூடுதலாகக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரையில் அந்தப் பையனைக் கண்டேன். தம்பியோடு நின்று மான்களுக்கு எதையோ கொடுத்துக்கொண்டிருந்தான். வருகிற மாதம் முதல் ஞாயிறு காலை என் வீட்டு விறாந்தையில் இந்த நான்காம் அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்கப் போகிறோம், வருவாயா என்று கேட்டேன். நீங்களும் வரலாம், உங்கள் பிள்ளைகளையும் அனுப்பலாம், காசு ஒன்றும் இல்லை. குரூக்ஸ் பாகத்தை நானே வாசிக்கிறேன் என்றும் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஸ்லிம் வாசிக்கலாமா டீச்சர்?" என்று கேட்டான்.

நான்காம் அத்தியாயத்தில் ஸ்லிம்முக்கு வசனமே இல்லை. அது அவனுக்கும் தெரியும். அதற்கு முந்தைய இரண்டு அத்தியாயங்களையும் சேர்த்தே வாசிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். காலை எட்டரைக்குத் தொடங்குவோம்.

அன்புடன்,
உப்புவெளியிலிருந்து உங்களில் ஒருத்தி